கையொப்பமிட்ட பிரதிதான் அரிதா? கவிஞர்கள் தாமே அச்சிட்ட முதற்பதிப்புகளைச் சேகரிப்பது குறித்து

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவிஞர்கள் தங்கள் கைக்காசில் அச்சிட்டு வெளியிட்ட கவிதை நூல்களில், கையொப்பத்தோடு கூடிய முதற்பதிப்புகளை ஒருவர் சேர்த்துவருகிறார். நாற்பது நூல்கள் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. முதற்பதிப்புதான் என்று எப்படி உறுதி செய்வது, கையொப்பம் மெய்யானதா என்று எப்படிக் கண்டறிவது, எதை அரிது என்று சொல்வது, எப்படிப் பாதுகாப்பது, கையொப்பமில்லாத நூல்களை இப்போது கவிஞரிடமே கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கலாமா என்பன அவருடைய ஐயங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கையொப்பம் இருந்தால் நூல் அரிதாகிவிடும் என்ற கணக்கு, பதிப்பகங்கள் பல ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுக் கடைகள் வழியே விற்கும் நூல்களுக்குப் பொருந்தும். அங்கே எழுத்தாளருடைய கை படாத பிரதிகளே மிகுதி. தாமே வெளியிட்ட கவிஞரின் நிலை வேறு. முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து, நண்பருக்கும் உறவினருக்கும் விமர்சகருக்கும் தம் கையாலேயே எடுத்துக்கொடுப்பவர், முதல் தாளில் இரண்டு வரி எழுதாமல் கொடுப்பது அபூர்வம். அதனால் இத்தகைய நூல்களில் கையொப்பமிட்ட பிரதிகளே பாதிக்கு மேல் இருப்பதும், சுத்தமான வெற்றுப் பிரதி கிடைக்காமல் போவதும் உண்டு. ஆகவே இந்தச் சேகரிப்பில் கையொப்பத்தை அலங்காரமாகப் பார்ப்பதைவிடச் சாட்சியமாகப் பார்ப்பதே பயன் தரும். யாருக்கு, எந்த நாளில், எந்த மையால், நூலின் எந்த அச்சு நிலையில் அது இடப்பட்டது என்ற செய்திகள்தான் ஒரு பிரதியை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன.

அமெரிக்கக் கவிஞர் எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1896இல் தம் முதல் தொகுப்பைச் சொந்தச் செலவில் 312 பிரதிகள் அச்சிட்டார். நூலைக் கையில் வைத்து அம்மாவை வியப்பில் ஆழ்த்தவேண்டும் என்று எண்ணியிருந்தார். பிரதிகள் வந்து சேர்வதற்குச் சில நாள் முன்பே அம்மா இறந்துவிட்டார். பிறகு அவர் அந்தப் பிரதிகளை நண்பர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் முன்பின் அறியாத எழுத்தாளர்களுக்கும் அனுப்பிவைத்தார். இப்படி அனுப்பிப் பரவிய ஒரு நூலில் கவிஞரின் கையெழுத்தைக் காண்பது எதிர்பார்க்கத்தக்கதே. அது யாருக்கு அனுப்பப்பட்டது, பெற்றவர் அதை என்ன செய்தார் என்பதில்தான் பிரதிக்குப் பிரதி வேறுபாடு எழுகிறது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் ரைம்போ 1873இல் பிரஸ்ஸல்ஸ் நகர அச்சகம் ஒன்றில் தம் உரைநடைக் கவிதை நூலை 500 பிரதிகள் அச்சிடச் செய்தார். அச்சுக்கூலியை முழுமையாகக் கட்டமுடியாமல் கைக்கு வந்த சில பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மற்றவை அச்சகக் கிடங்கிலேயே தங்கிவிட்டன. எல்லாப் பிரதிகளையும் அவரே எரித்துவிட்டார் என்ற கதை நெடுநாள் உலவிற்று. 1901இல் லெயோன் லோசோ என்ற நூல் ஆர்வலர் அந்தக் கிடங்கில் நானூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளைக் கண்டுபிடித்தபோது கதை பொய்த்தது. இன்று நூலகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் இருக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டிலிருந்து வந்தவை. கவிஞரின் கை அவற்றில் பட்டதே இல்லை. அவர் தாமே கொடுத்த பிரதிகளை விரல்விட்டு எண்ணலாம். அவருடைய நண்பரான கவிஞர் வெர்லேனின் பெயரெழுதித் தந்த பிரதி அவற்றில் ஒன்று. ஒரே நூலில் முதற்பதிப்பு எளிதில் காணக்கூடியதாகவும், கையெழுத்திட்ட முதற்பதிப்பு மிக அரியதாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எத்தனை பிரதிகள் அச்சாயின என்பதோடு, அவை எந்த வழியாக வெளியேறின என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அரிது என்ற சொல்லுக்குப் பொருள் வரும்.

இனி முதற்பதிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து இரண்டாம் முறை ஓட்டினால் அது முதற்பதிப்பின் இரண்டாம் அச்சு. எழுத்தைப் புதிதாகக் கோத்தாலோ பாடத்தைக் கணிசமாக மாற்றினாலோ மட்டும் அது இரண்டாம் பதிப்பு. சேகரிப்பவர்கள் முதற்பதிப்பு என்று சொல்லும்போது மனத்தில் வைப்பது முதற்பதிப்பின் முதல் அச்சையே. பதிப்பகங்கள் இதை வெளியீட்டு விவரப் பக்கத்தில் ஏதேனும் ஒரு முறையில் குறிக்கும். தாமே வெளியிடும் கவிஞருக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூறு பிரதிகள் தீர்ந்ததும் இன்னொரு நூறு அடித்துத் தரும்படி அச்சகத்திடம் சொல்வார். அவர்களும் பழைய பக்கங்களை அப்படியே ஓட்டிக் கொடுப்பார்கள். 'முதற்பதிப்பு' என்ற வரியும் மாதமும் ஆண்டும் மாறாமல் நிற்கும். விவரப் பக்கம் சொல்வதை அப்படியே நம்பினால் ஏமாறுவது உறுதி.

ஆகவே நூலையே சாட்சியாக்க வேண்டும். கூடுமானால் ஒரே நூலின் இரண்டு மூன்று பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். என் மேசையில் இருந்த ஒரு சிறு தொகுப்பைச் சொல்கிறேன். இருபத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு கம்பித் தையல், மங்கிய பச்சை அட்டை. முதல் பிரதியில் பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல் நீல மையால் அடிக்கப்பட்டு, மேலே சரியான சொல் கையால் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் பிரதியில் அந்தச் சொல் அடிக்கப்படவில்லை. ஆனால் உள்ளட்டையை ஒட்டி, விரல் அகலத்தில், அதே பிழையைக் குறிப்பிடும் அச்சிட்ட திருத்தச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாம் பிரதியில் சீட்டும் இல்லை, பிழையும் இல்லை. சொல் அச்சிலேயே திருத்தப்பட்டிருந்தது. மூன்றின் விவரப் பக்கங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முதல் பிரதியின் வெற்றுத்தாளில் இருந்த அன்பளிப்பு வரியும் பதினேழாம் பக்கத் திருத்தமும் ஒரே மையில் இருந்தன. அங்கே எழுதியிருந்த நாளோ, அழைப்பிதழில் கண்ட வெளியீட்டு நாளுக்குப் பதினொரு நாள் முந்தியது. இவற்றைக் கோத்துப் பார்த்தால் வரிசை தெரிகிறது. அச்சகத்திலிருந்து வந்தவுடன் நெருங்கியவர்களுக்குக் கையால் திருத்திக் கொடுத்தது முதலில். எல்லாவற்றையும் கையால் திருத்த முடியாது என்று கண்டு சீட்டு அடித்து ஒட்டியது அதற்குப் பின். பக்கத்தைத் திருத்தி மீண்டும் ஓட்டியது கடைசியில். மூன்றாம் பிரதி 'முதற்பதிப்பு' என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும் அது இரண்டாம் அச்சு. இந்த வரிசையை உறுதி செய்தது, நாளிட்ட அந்த ஒரு கையெழுத்துதான்.

கையால் திருத்திய பிரதிகளைக் கறைபட்ட பிரதிகள் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒதுக்கியவற்றில் சில என்னிடம் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் முதல் கவிதைத் தொகுப்பை 1928இல் அவருடைய நண்பர் ஸ்டீஃபன் ஸ்பெண்டர் சிறு கை அச்சுப்பொறியில் தாமே அச்சிட்டார். ஐம்பது பிரதிகளைக்கூட எட்டாத அந்த நூலில் பிழைகள் மலிந்திருந்தன. கையால் செய்த திருத்தங்களை அதன் பிரதிகளில் காணலாம். பக்கத்தில் மை இருக்கிறதே என்று அதைக் குறையாக எண்ணுபவர் எவரும் இருக்கமாட்டார்.

ஆண்டு மாறாமல் வெளியீட்டாளர் பெயர் மட்டும் மாறும் வகையும் உண்டு. ஆங்கில எழுத்தாளர்களான பிராண்ட்டி சகோதரிகள் மூவரும் (சார்லட், எமிலி, ஆன்) 1846இல் கர்ரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில், அய்லாட் அண்ட் ஜோன்ஸ் நிறுவனத்துக்குத் தாமே பணம் கட்டித் தங்கள் கவிதைகளை வெளியிட்டார்கள். ஓராண்டில் விற்றவை இரண்டு பிரதிகள். பின்னர் சார்லட்டின் நாவல் புகழ் பெற்றதும், 1848இல் ஸ்மித், எல்டர் நிறுவனம் எஞ்சிய அச்சுத்தாள்களை வாங்கி, தங்கள் பெயரோடு புதிய தலைப்புப் பக்கம் சேர்த்து விற்றது. அந்தத் தலைப்புப் பக்கத்திலும் ஆண்டு 1846 என்றே இருக்கிறது. உள்ளே உள்ள தாள்கள் இரண்டிலும் ஒரே நாளில் அச்சானவை. பதிப்பும் ஒன்றே, அச்சும் ஒன்றே. வெளியீடு மட்டும் வேறு. பைண்டிங் செய்யாத ஃபாரங்களை, அதாவது அச்சிட்ட தாள்களை, கட்டிவைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக பைண்டிங் செய்வது தாமே வெளியிடுபவர்களிடம் இன்றும் காணக்கூடிய வழக்கம். அதனால் அட்டையின் நிறம் வேறுபட்டால் உடனே இரண்டாம் பதிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அட்டை ஒரு சான்று. உள்தாள் இன்னொரு சான்று. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அந்த நூலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நூலை வாங்கியவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் ஈனக் ஆசிரியர்களின் கையொப்பங்களைக் கேட்டு எழுதினார். மூன்று சகோதரிகளும் ஒரு துண்டுத்தாளில் தங்கள் புனைபெயர்களை எழுதி அனுப்பினார்கள். மூவரின் கையொப்பங்களும் ஒருங்கே உள்ள தாளாக இன்று அறியப்படுவது அது ஒன்றுதான். அதன் பிறகு 1847இல் டென்னிசன், வேர்ட்ஸ்வொர்த், டி குவின்சி முதலிய எழுத்தாளர்களுக்குக் கர்ரர் பெல் என்ற பெயரில் கடிதம் எழுதி, விற்காத பிரதிகளில் ஒவ்வொன்றை அன்பளிப்பாக அனுப்பினார்கள். நூலுக்குள் கையொப்பம் இல்லாவிட்டாலும், அத்தகைய கடிதத்தோடு சேர்ந்திருக்கும் பிரதிக்குரிய மதிப்பு, கடிதத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிரதிக்கு இராது. எனவே நூலோடு வந்த உறை, கடிதம், அழைப்பிதழ், அஞ்சல் முத்திரையுள்ள மேற்கட்டுத் தாள் எதையும் வேண்டாத காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள்.

அச்சுநாள் பற்றிய சிக்கல் இந்தக் காலத்தில் முற்றிவிட்டது. தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறையில் முதல் அச்சு என்ற கருத்தே தள்ளாடுகிறது. இன்று ஒருவர் வாங்கினால் இன்றே அச்சாகும் நூலில், விவரப் பக்கம் மூன்றாண்டுக்கு முந்தைய நாளைத்தான் காட்டும். இந்த வகை நூல்களில் கடைசித் தாளைத் திருப்பிப் பாருங்கள். பல சேவைகள் அச்சிட்ட இடத்தையும் நாளையும் அங்கே பட்டைக்குறியோடு சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. கவிஞருக்கு முதலில் வரும் மாதிரிப் பிரதிகளின் அட்டையில் விற்பனைக்கன்று என்ற பட்டை ஓடுவதும் உண்டு. அதில் கையொப்பமும் இருந்தால், இந்த முறையில் கிடைக்கக்கூடிய மிக முந்தைய நிலை அதுதான். ரூபி கவுர் தம் முதல் தொகுப்பை 2014 நவம்பரில் இப்படித்தான் தாமே வெளியிட்டார். 2015இல் ஆண்ட்ரூஸ் மெக்மீல் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டு வெளியிட்டது. தலைப்பு ஒன்றே என்பதால் பதிப்பக வெளியீட்டையே முதற்பதிப்பு என்று நம்பிச் சேர்த்தவர்கள் உண்டு. நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை ஒப்பிட்டால் இந்த மயக்கம் தீரும், ஏனெனில் வெளியீட்டாளர் மாறினால் எண்ணும் மாறவேண்டும். பத்து இலக்க எண் 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கமாயிற்று என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டைக் காட்டும் நூலில் பதின்மூன்று இலக்க எண் மட்டுமே இருந்தால் ஐயப்படுவதற்குக் காரணம் உண்டு.

கையொப்பத்தின் மெய்ம்மைக்கு வருவோம். என்னுடைய முதல் ஏமாற்றத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஆசிரியர் கையொப்பத்துடன்' என்ற குறிப்பை நம்பி ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய தொகுப்பை வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின்கீழ் வைத்தபோது, கோடு முழுவதும் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறியது. அது அச்சிட்ட கையொப்பம். விற்றவரும் அறிந்து ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவரிடம் லென்ஸ் இல்லை, அவ்வளவுதான். பேனாவால் இட்ட கோட்டில் மை தாளின் நார்களுக்குள் கசிந்திருக்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை தடித்திருக்கும். பால்பாயிண்டாக இருந்தால் தாளின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் கையில் தொடக்கமும் முடிவும் மெலிந்து கூர்மையாகும். பார்த்து எழுதிய போலியில் கோடு தயங்கித் தயங்கிச் செல்வதும், இடையில் பேனாவை எடுத்து மீண்டும் வைத்த புள்ளிகளும் தென்படும். இயந்திரக் கை இட்ட கையொப்பத்தில் அழுத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருக்கும். அத்தகைய இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சொட்டாகப் பொருந்தும். எந்த மனிதரும் தம் பெயரை இருமுறை ஒரேபோல எழுதுவதில்லை.

மையும் காலத்தைச் சொல்லும். பால்பாயிண்ட் பேனா பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்தது 1945க்குப் பின்; நார்முனைப் பேனாக்கள் 1960களிலும் ஜெல் பேனாக்கள் 1980களிலும் வந்தன. 1932 என்று நாளிட்ட அன்பளிப்பு வரி பால்பாயிண்டில் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஆனால் நாளிடாத கையொப்பம் பால்பாயிண்டில் இருந்தால் அது போலி என்று ஆகிவிடாது. பழைய நூலில் கவிஞர் முதுமையில் கையொப்பமிட்டிருக்கலாம். இளமையில் இட்ட கையெழுத்தும் முதுமையில் இட்டதும் வேறுபடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி அதே காலத்ததாக இருக்கவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. நூலில் ஒட்டப்பட்ட தனித்தாளில் உள்ள கையொப்பத்தை நூலின் கையொப்பமாகக் கொள்ளலாகாது. தாளின் விளிம்பில் பசைக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெறும் பெயரைவிட அன்பளிப்பு வரியைப் போலியாக எழுதுவது கடினம். பெயரை நூறு முறை எழுதிப் பழகலாம். பெறுபவரின் பெயர், நாள், இடம், ஒரு வாக்கியம் என்று நீண்டால் பழகாத எழுத்துகள் வந்து காட்டிக்கொடுக்கும். 'இன்னாருக்கு' என்று எழுதிய பிரதியைவிடப் பெயர் மட்டும் உள்ள பிரதி சுத்தமானது என்று சிலர் விரும்புகிறார்கள். இந்த வகை நூல்களில் அது தலைகீழான விருப்பம் என்பது என் கருத்து. யாருக்குச் சென்றது என்ற வரிதான் அந்த நூல் எந்த வட்டத்துக்குள் உலவிற்று, யார் முதலில் படித்தார்கள் என்பதைச் சொல்லும். பெறுபவர் பெயரில்லாத கையொப்பம் இவற்றில் எதையும் சொல்லாது.

கையெழுத்து சாட்சியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாமஸ் ஜே. வைஸ் என்ற புகழ்பெற்ற நூல் சேகரிப்பாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர்களின் பெயரில், அவர்களே தனிச்சுற்றுக்கு அச்சிட்டதுபோல் தோன்றும் முன்நாளிட்ட சிறுநூல்களை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டார். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் ஸானெட்டுகள் 1847இல் ரெடிங் நகரில் தனியாக அச்சானதாகக் காட்டும் நூல் அவற்றுள் பெயர்பெற்றது. 1934இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இளம் நூல் வணிகர் இருவர் இதை அம்பலப்படுத்தினார்கள். தாளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது எஸ்பார்ட்டோ புல்நாரும் வேதிமுறை மரக்கூழும் தெரிந்தன. முன்னது இங்கிலாந்தின் தாள் தயாரிப்பில் புகுந்தது 1861 வாக்கில், பின்னது 1870களில். 1847ஆம் ஆண்டு நூலில் அவை இருக்க வழியில்லை. அச்செழுத்திலும் ஒரு தடயம் இருந்தது. உடம்பைத் தாண்டி நீளும் கொக்கி இல்லாத, 1880ஐ ஒட்டி வார்க்கப்பட்ட 'எஃப்' எழுத்து பக்கங்களில் நின்றுகொண்டிருந்தது. தாளையும் எழுத்தையும் ஆராய்வதற்கு முன்பே அவர்களுக்கு ஐயம் எழுந்ததற்கான காரணங்கள்தான் நமக்குப் பாடம். தனிச்சுற்றுக்கு அச்சிட்டதாகச் சொல்லப்படும் நூலில் கவிஞர் எவருக்காவது எழுதிக்கொடுத்த ஒரு பிரதியும் இல்லை. அக்காலத்தவரின் உடைமைக் குறிப்புள்ள பிரதியும் இல்லை. அக்காலக் கடிதங்களில் பேச்சும் இல்லை. கிடைத்தவை எல்லாம் நேற்று அச்சானவைபோல் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. நண்பர்களுக்கு என்று அச்சிட்ட நூலை எந்த நண்பரும் பெறாமல் இருப்பாரா? கவிஞர் தாமே வெளியிட்டதாகச் சொல்லப்படும் எந்த நூலை வாங்கும்போதும் இந்தக் கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

புறஊதா ஒளிவிளக்கு ஒன்றும் உதவும். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய நூல் என்று சொல்லப்படும் ஒன்றின் தாள் அந்த விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் மேலும் ஆராயவேண்டும். ஒட்டுத்தாளும், அழித்துவிட்டு மேலே எழுதிய இடமும்கூட அவ்வொளியில் தனித்துத் தெரியும்.

கையொப்பமும் முதற்பதிப்பும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வால்ட் விட்மன் 1855இல் புரூக்ளினில் தாமே வெளியிட்ட 'புல்லின் இதழ்கள்' 795 பிரதிகள் அச்சாயிற்று. அதன் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே இல்லை, எதிர்ப்பக்கத்தில் உருவப்படம் மட்டும் இருக்கிறது. அவர் தலைப்புப் பக்கத்திலேயே கையொப்பமிட்டுத் தம் வீட்டிலிருந்து அஞ்சலில் விற்றது 1876ஆம் ஆண்டின் ஆசிரியர் பதிப்பை. அதுவும் தாமே வெளியிட்டதுதான், கையொப்பமும் மெய்தான், முதற்பதிப்பு அன்று. எதைச் சேர்க்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இத்தகைய பிரதி முன்னால் வரும்போது தடுமாற வேண்டியிராது. நானாக இருந்தால் அதையும் எடுத்துவைத்துக்கொள்வேன்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பொது நூல்களுக்கான விதிகளே இங்கும் பொருந்தும். வெப்பம் 20 பாகையை ஒட்டியும் ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளும் ஏறியிறங்காமல் இருப்பது நல்லது. இரண்டும் அடிக்கடி மாறுவதுதான் தாளை மிகுதியும் கெடுக்கும். மலிவான தாளில் மலிவான பைண்டிங்கில் வந்த நூல்கள் என்பதால் இவற்றுக்குத் தனிக் கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று. கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். துரு மேலும் பரவினால் தாள் காப்பாளர் ஒருவரிடம் கொடுத்துக் கம்பியை எடுத்து நூலால் தைக்கச் செய்யலாம், ஆனால் அதை நாமே குறடு வைத்துப் பிடுங்கக் கூடாது. நார்முனைப் பேனாவின் மையும் சில பால்பாயிண்ட் மைகளும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். கையொப்பப் பக்கத்தைத் திறந்து கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைப்பது அதை மெல்ல அழிப்பதற்குச் சமம். நூலுக்குள் மடித்துவைத்த நாளிதழ் நறுக்கு, தன் அமிலத்தை எதிர்ப்பக்கங்களில் பழுப்புச் சதுரமாகப் பதித்துவிடும். அதை வெளியே எடுத்து, அமிலமற்ற உறையில் நூலோடு சேர்த்தே வையுங்கள். செல்லோடேப், லாமினேஷன், பி.வி.சி. உறை ஆகிய மூன்றையும் நூலின் அருகே விடவேண்டாம். பாலியெஸ்டர் உறை தீங்கு செய்யாது. கந்தலாக இருக்கிறதே என்று அட்டையை மாற்றிப் புதிதாக பைண்டிங் செய்தால் நூல் உறுதியாகும், சான்று போய்விடும்.

கடைசியாக, கையொப்பமில்லாத பிரதிகளை இப்போது கவிஞரிடம் கொண்டுபோகலாமா என்ற கேள்வி. தாராளமாகக் கொண்டுபோகலாம், ஒரு நிபந்தனையோடு. கையொப்பத்தின் கீழே இன்றைய நாளை எழுதும்படி கேளுங்கள். நாளிடாத கையொப்பம் நாளைக்கு யாரையாவது தவறாக எண்ணவைக்கும். வெளியிட்ட ஆண்டிலேயே இடப்பட்டது என்று விற்பவர் சொன்னால் மறுக்க வழியிராது. வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த பிரதி பழைய புத்தகங்களுக்கிடையில் உங்களுக்குக் கிடைத்திருந்தால், அதைக் கவிஞர் முன்னால் நீட்டுவதற்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். தாம் அன்போடு கொடுத்ததைப் பெற்றவர் எடைக்குப் போட்டுவிட்டார் என்பதை அவர் உங்கள் வாயிலாக அறிய நேரும். நான் ஒருமுறை அந்தத் தவற்றைச் செய்தேன். அவர் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பழைய வரியின் கீழேயே என் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

அதே சந்திப்பில், கையொப்பத்தைவிடப் பயனுள்ள ஒன்றையும் கேட்டுப் பெற்றுவிட வேண்டும். எந்த அச்சகம், எத்தனை பிரதிகள், ஒரே தடவையில் அடித்ததா இரண்டு தடவையா, அட்டை ஏன் இரண்டு நிறத்தில் இருக்கிறது, திருத்தச் சீட்டை ஒட்டியது யார், மிச்சப் பிரதிகள் என்னவாயின என்பவற்றையெல்லாம் விவரக்குறிப்பு நூல் எதிலும் காணமுடியாது; இந்தக் கவிஞர்களுக்கு அத்தகைய நூல்களை எவரும் தொகுத்ததில்லை. ராபர்ட் ஃபிராஸ்ட் 1894இல் தம் கவிதைகளை இரண்டே பிரதிகள் அச்சிடச் செய்து, ஒன்றைத் தாம் காதலித்த பெண்ணுக்குக் கொடுத்தார் என்பதும் மற்றதைத் தாமே அழித்தார் என்பதும் இன்று தெரிவதற்குக் காரணம், அவர் உயிரோடிருந்தபோதே அதைச் சொன்னதுதான். கவிஞர் சொல்வதை அன்றைக்கே எழுதிவையுங்கள்; நினைவு பிசகும் என்பதால் அவர் சொன்ன எண்ணை உங்கள் கைப்பிரதிகள் காட்டும் சான்றோடு ஒப்பிட்டு, இரண்டும் முரண்பட்டால் முரண்பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள். எழுதுவது பென்சிலில், அமிலமற்ற தனித்தாளில் இருக்கட்டும். நூலின் உள்ளே உங்கள் கையெழுத்து வேண்டாம்.